ஓர் இடைவெளியில் போன மூன்று நாள்

புளியரைப் பக்கம் ஓர் எடைமேடையில் விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எடைகாட்டியை இணைக்கும் யுஎஸ்பி கருவி வாயே திறக்கவில்லை. அதன் டிரைவரைப் பொதியாகக் கட்டினால், ‘ஜிபிஎல்லுக்கு ஒவ்வாத மாட்யூல்’ என்ற பிழையோடு பாதியில் நின்றது. ஜிபிஎல் என்பது திறந்த மூலநிரலுக்கான ஓர் உரிமம்; மாட்யூல் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு இணையும் துண்டு நிரல், இங்கே அந்த டிரைவர். கொல்லம் போகும் லாரிகளுக்கு எடைச்சீட்டைக் கையால் எழுதினார்கள்.

மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகளை மறுபடி நிறுவினேன், பயனில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பினேன், அதே வரி. பொதியின் பதிப்புரிமைக் கோப்பைத் திருத்தினேன். கெர்னல் அதைப் படிப்பதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் மூலநிரலின் கடைசி வரிக்குப் போனேன். மாட்யூல் லைசென்ஸ் என்ற இடத்தில் ‘ஜிபிஎல்வி2’ என்று சேர்த்து எழுதியிருந்தது. கெர்னல் இதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. வெறும் ‘ஜிபிஎல்’ என்றால் ஏற்கும். இடைவெளி விட்ட ‘ஜிபிஎல் வி2’ என்றாலும் ஏற்கும். சேர்த்து எழுதினால் தனியுரிமை மாட்யூல் என்று முடிவுகட்டி, ஜிபிஎல்லுக்கு மட்டுமான செயற்கூறுகளைத் தர மறுக்கிறது. கோப்பின் தலையில் எஸ்பிடிஎக்ஸ் என்ற உரிமச் சுருக்கக் குறிப்பாக வரும் ‘ஜிபிஎல்-2.0’ அங்கே சரி, இங்கே தப்பு.

உரிமம் நிஜமாகவே ஜிபிஎல் 2தானா என்று உடன்வந்த உரிமக் கோப்பில் பார்த்துக்கொண்டேன்; மூடிய நிரலுக்கு இந்தச் சொல்லை ஒட்டுவது ஏமாற்று வேலை. பிறகு ஓர் இடைவெளி சேர்த்தேன். அடுத்து வந்த வாழைத்தார் லாரியின் எடை திரையில் விழுந்தது.