பிளாக் ஹீட்டரை எத்தனை மணிக்குச் செருக வேண்டும்?

கனடாவின் வின்னிபெக் நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் குளிர்காலத்தில் தவறாமல் கேட்பது: கார்களின் முகப்பில் ஏன் ஒரு பிளக் தொங்குகிறது? அது பிளாக் ஹீட்டரின் வயர். மைனஸ் 25 டிகிரியில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டுவிடும், பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. அதனால் சூடேறும் வரை எஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். ஹீட்டர் எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட் என்ற திரவத்தைச் சூடாக்கி அந்த நேரத்தைக் குறைக்கிறது. மைனஸ் 20இல் மொத்தமாக 10 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகலாம் என்கிறது கனடாவின் இயற்கை வளத் துறை. பக்கத்துக் கடைக்குப் போய்வருகிற சின்ன ஓட்டங்களில் லாபம் இன்னும் அதிகம்.

முதலில், உங்கள் காரில் ஹீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கிரில்லுக்குப் பின்னாலோ பானெட்டுக்கு அடியிலோ பிளக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். பல வகைகளுக்குக் கூலன்ட்டை வடிக்க வேண்டியிருக்கும், புதியவர்களுக்கு அது வேண்டாத வேலை.

அடுத்து, அது வேலை செய்கிறதா? செருகிவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பானெட் அருகே காதை வையுங்கள். தண்ணீர் கொதிக்கப்போகும் பாத்திரம் மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் பெரும்பாலும் கேட்கும். கேட்கவில்லையா? பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு தட்டைக் கால்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்து பாருங்கள். 120 வோல்ட்டில் ஓடும் 400 வாட் ஹீட்டருக்குச் சுமார் 36 ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் ஹீட்டரோ வயரோ போய்விட்டது.

எக்ஸ்டென்ஷன் வயர் வெளிப்புறத்துக்கான மூன்று கால் வயராக இருக்கட்டும். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் மெல்லிய வயர் சூடேறும், குளிரில் விறைத்து விரிசல் விடவும் செய்யும்.

இப்போது முக்கியமான விஷயம்: டைமர். காலை 7 மணிக்குக் கிளம்புகிறீர்களா, 4 மணிக்கு ஆன் ஆகும்படி வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 1.2 யூனிட்தான் ஆகும். மாலை 6 மணிக்கே செருகிவிட்டுத் தூங்கினால் 5.2 யூனிட். சில மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சின் மேலும் சூடாவதில்லை, கரன்ட் காற்றைத்தான் சூடாக்குகிறது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததைக் கரன்ட் பில்லில் கொட்டுவானேன்? மைனஸ் 15 அளவுக்குக் குளிர் இல்லையென்றால் நான் செருகுவதே இல்லை.

சரி, காலையில் ஸ்டார்ட் செய்தபின் கால் மணி நேரம் நிறுத்தி உறுமவிட வேண்டாம். ஒரு நிமிடம் போதும், அப்புறம் நிதானமாக ஓட்டுங்கள். கியர்பாக்ஸும் டயரும் ஓடினால்தான் சூடாகும்.

கிளம்பும் முன் பிளக்கைக் கழற்ற மறக்காதீர்கள். நான் ஒருமுறை வயரை இழுத்துக்கொண்டே தெருமுனை வரை போய்விட்டேன்; பக்கத்து வீட்டுக்காரர் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். அன்றிலிருந்து வயரை டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் செருகுகிறேன். அதை அவிழ்க்காமல் கதவைத் திறக்க முடியாது.