படகில் கன்ட்ரோல் அலாரம் அடித்தால் எங்கிருந்து தேடுவது?

எலக்ட்ரானிக் கன்ட்ரோல் உள்ள டீசல் இன்ஜின் படகில் அலாரம் கத்தினால், சாவியை அணைத்துத் திரும்பப் போடுவதுதான் பலருக்கும் பழக்கம். சத்தம் அடங்கலாம், கோளாறு அங்கேயேதான் இருக்கும்.

1. ஆயில் பிரஷர் அல்லது இன்ஜின் சூடு என்று காட்டினால் ஆராய்ச்சி வேண்டாம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் கிடைத்ததும் இன்ஜினை நிறுத்துங்கள். கொதிக்கும் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள்.

2. திரையில் தெரியும் எண்களைப் போனில் படம் எடுங்கள். பெரும்பாலும் இரண்டு எண்கள் வரும். எஸ்பிஎன் என்பது எதில் கோளாறு என்று சொல்லும்: 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் வெப்பம், 168 பேட்டரி மின்னழுத்தம். எஃப்எம்ஐ என்பது என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 100-உடன் 1 வந்தால் பிரஷரே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். 3, 4, 5 வந்தால் சென்சார் அல்லது அதன் வயர் மேல்தான் முதல் சந்தேகம். அப்போதும் ஆயில் அளவைப் பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலைதானே.

3. சம்பந்தமே இல்லாத நாலைந்து அலாரம் ஒன்றாக வந்தால், சென்சார் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. மின்சாரம் சரியாக வரவில்லை. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சோதித்துப் பாருங்கள்.

4. பேட்டரி நன்றாக இருந்தும் தொல்லை தீரவில்லையா? எர்த் வயரைப் பாருங்கள். என் கணக்கில் இதுதான் முக்கியமான சோதனை, பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயமுனையில் வையுங்கள். அதன் மேல் மாட்டிய கிளாம்ப்பில் அல்ல. இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க, வேறொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ களிம்பு பிடித்திருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. கழற்றி, பளபளப்பாகத் தேய்த்து, இறுக்குங்கள்.

5. கருவிகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்ற அலாரமா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கருவிகள் தகவல் பரிமாறும் கேன் (CAN) லைனின் இரு டேட்டா வயர்களுக்கு நடுவே ஓம் அளவு எடுங்கள். ஏறக்குறைய 60 வர வேண்டும். 120 என்றால் ஒரு முனையின் டெர்மினேட்டர் (லைனின் முனையில் மாட்டும் மின்தடை) இல்லை, அல்லது வயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ கூடுதலாக ஒன்று மாட்டியிருக்கிறார்கள்.

6. அப்புறம் கனெக்டர்கள். மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். உப்பும் பச்சைக் களிம்பும் தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். வயரின் உறையை ஊசியால் குத்தி மட்டும் சோதிக்காதீர்கள். அந்தத் துளை வழியே உப்புத்தண்ணீர் இறங்கினால் செம்பு உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும்.

கியர் லீவருக்கு இன்ஜின் சரியாகக் கட்டுப்படவில்லை என்றால் கரையை விட்டுக் கிளம்பவே வேண்டாம். மற்றபடி, திரையில் வந்த கோளாறு எண்ணை அழித்துவிட்டு, கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கள். அதே எண் திரும்ப வந்தால், எடுத்த படத்தையும் மீட்டர் அளவுகளையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.