புரோக்கர் மூலம் பழைய பிக்கப் வாங்குவது, விற்பது எப்படி? சேலம், ஏற்காடு பக்கத்து ஆட்களுக்கு

சேலத்தில் பழைய சரக்கு வண்டி தேடினால் ஒன்று ஆட்டோ கன்சல்டிங் கடை, இல்லையென்றால் கையில் போனோடு சுற்றும் புரோக்கர். நல்ல புரோக்கர் உங்கள் அலைச்சலைக் குறைப்பார், அதற்குக் கூலி கொடுப்பது நியாயமே. விலை, பணம், காகிதம் மூன்றும் அவர் கை வழியாக மட்டுமே போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த மூன்றையும் ஓனருக்கும் உங்களுக்கும் நடுவில் நேராக வைத்துக்கொள்ளும் வழி கீழே இருக்கிறது. உதாரணத்துக்கு பொலீரோ பிக்கப், டாடா ஏஸ் போன்ற வண்டிகளை எடுத்துக்கொள்வோம்.

படி 1: வண்டி பார்க்கும் முன்பே கமிஷன் பேசுங்கள்

முதல் போனிலேயே கேளுங்கள்: "உங்க கமிஷன் எவ்வளவுங்க? ரெண்டு பக்கமும் வாங்குறீங்களா?" இரண்டு பக்கமும் வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம், அதில் மறைக்க எதுவும் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் விலையின் மேல் ஏற்றி வைப்பதுதான் வேறு விஷயம். ஓனர் 3,80,000 கிடைத்தால் போதும் என்கிறார். புரோக்கர் உங்களிடம் 4,30,000 சொல்லி, பேரம் பேசி 4,15,000-க்கு "குறைத்து" முடிக்கிறார். நடுவில் நிற்கும் 35,000 அவருக்கு. அதன் பிறகு உங்களிடம் கமிஷனும் தனியாக வாங்குவார். ஓனருக்கும் இது தெரியாது.

அதனால் இப்படிச் சொல்லிவிடுங்கள்: "கமிஷன் இவ்வளவு தர்றேன். விலையை ஓனர் வாயிலிருந்து கேட்டுக்கிறேன். கமிஷன்ல பாதி பேர் மாறின பிறகுதான்." இதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கே முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு போக வேண்டாம்.

படி 2: வண்டி எண்ணை வாங்கி, வீட்டிலிருந்தே பாருங்கள்

எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவான தேதி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் விவரம் தெரியும். ஓனர் பெயர் முழுதாகத் தெரியாது, சில எழுத்துகள் மறைந்திருக்கும். இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கியையும் பாருங்கள்.

சரக்கு வண்டிக்கு 8 வயது வரை எஃப்.சி. 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். "எஃப்.சி. ஒரு மாசம்தான் இருக்கு, பண்ணித் தந்துடுறேன்" என்று புரோக்கர் சொன்னால், பெயிண்ட், லைட், டயர், பிரேக் வேலை எல்லாம் உங்கள் தலையில் விழப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பாரத்தோடு சேர்த்த மொத்த எடையையும் பாருங்கள். 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. தாண்டினால் பர்மிட்டும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். பொலீரோ பிக்கப்பில் இரண்டு வகையும் உண்டு என்பதால் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

படி 3: ஓனரை நேரில் பாருங்கள்

"ஓனர் வெளியூர்ல இருக்காருங்ணா, எல்லாம் நானே பாத்துக்கிறேன்" என்ற பேச்சை அடிக்கடி கேட்பீர்கள். இதன் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். புரோக்கரே வண்டியை வாங்கி, பெயர் மாற்றாமல் கைமாற்றி விடுகிறார். அல்லது ஓனர் இறந்துவிட்டார், வாரிசுகள் இன்னும் பெயர் மாற்றவில்லை. அல்லது ஓனர் தவணை கட்டாததால் ஃபைனான்ஸ் கம்பெனி பறித்துக்கொண்ட சீசிங் வண்டி. சீசிங் வண்டி என்றால் படிவம் 36 கொடுத்து ஃபைனான்ஸ் பெயரில் புதிய ஆர்.சி. வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அது இல்லாமல் உங்கள் பெயருக்கு வராது.

ஓனரின் ஆதாரையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்துப் பெயர், தகப்பனார் பெயர், கையெழுத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் பதிவான கைபேசி எண் இப்போது ஓனரிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். பழைய எண் என்றால் முதலில் அதை மாற்ற வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும்.

படி 4: மலையில் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். புரோக்கர் வண்டியை ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருப்பார், ஐந்து ரோடு வரை ஒரு ரவுண்டு விடுவார். சமதளத்தில் காலி வண்டி எதுவும் நன்றாகத்தான் ஓடும். கிளட்ச் வழுக்குவதும் இன்ஜின் கொதிப்பதும் பாரம் ஏறினால்தான் வெளியே வரும். நம் ஊரில் அதற்கு அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. டீசல் செலவு உங்களுடையது என்று சொல்லிக் கேளுங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கும் வண்டியை மட்டும் எடுத்துப் போங்கள்.

காலையில், இன்ஜின் தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போவது அவருக்குக் கொடுக்கும் கூலியைவிடப் பல மடங்கு மிச்சம்.

முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான பிறகு திறக்கவே கூடாது. தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் போல வெளுத்துப் படிந்திருந்தாலோ இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை தொடர்ந்து வேகமாக வெளியே தள்ளக் கூடாது. தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இன்ஜின் வேலை வரும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் தெளிக்கும் நாசில் அல்லது ஏர் ஃபில்டரில் கோளாறு, அது சின்னச் செலவாகவும் முடியலாம். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் கவலை.

கிளட்சைச் சோதிக்க, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. ஒருமுறை செய்தால் போதும்.

மலை ஏறும்போது வெப்ப முள்ளைப் பாருங்கள், நடுவில் நிற்க வேண்டும். இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் கியர் பாக்ஸ் வேலை இருக்கிறது. பிரேக் மிதி மெதுவாக அடியில் இறங்கினால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கிலோமீட்டர் குறைவு என்று பெருமையாகச் சொல்வார்கள். எஸ்டேட்டில் ஓடிய வண்டிக்கு அது பெரிய சான்று இல்லை. மலையில் ஓடிய 40,000 கி.மீ., கிளட்சுக்கும் பிரேக்குக்கும் சமதளத்து லட்சத்தைவிடக் கடுமையாக இருக்கும். மீட்டரைக் குறைத்திருக்கவும் கூடும். மிதிகளின் ரப்பர் தேய்ந்திருப்பதும் ஸ்டியரிங் வழவழப்பும் மீட்டரைவிட உண்மை பேசும். டயரில் அச்சிட்ட நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

கடைசியாக, சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) குத்திய எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் வெல்டிங், கிரைண்டிங் தடம் இருந்தால் பேச்சே வேண்டாம்.

படி 5: டோக்கன் (முன்பணம்)

"ஈரோட்டுப் பார்ட்டி சாயங்காலம் வர்றாங்ணா, இப்பவே டோக்கன் போட்டுருங்க" என்று அவசரப்படுத்துவார்கள். போனால் போகட்டும், வேறு வண்டி வரும். கொடுப்பதென்றால் ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பி, அவர் கையெழுத்தோடு இப்படி எழுதி வாங்குங்கள்:

"வண்டி எண் …, பேசிய விலை ரூ. …, டோக்கன் ரூ. … பெற்றேன். மீதி … தேதிக்குள். காகிதத்தில் குறையோ கடன் பாக்கியோ தெரியவந்தால் டோக்கனை முழுதாகத் திருப்பித் தருகிறேன்."

கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாததால்தான் பலருடைய டோக்கன் புரோக்கர் பையிலேயே தங்கிவிடுகிறது.

படி 6: மீதிப் பணமும் பெயர் மாற்றமும்

கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள். புரோக்கரிடமோ ஓனரிடமோ கொடுக்காதீர்கள். ஃபைனான்ஸிலிருந்து என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வரும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக விழும்.

பெயர் மாற்ற படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி ரசீது, முகவரிச் சான்று வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. முதலில் வர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்ப எண்ணைப் புரோக்கரிடம் விடாமல் நீங்களே வைத்துக்கொண்டால், ஃபைல் எங்கே நிற்கிறது என்று அவரைக் கேட்டுத் தொங்க வேண்டியதில்லை.

விற்பவர்களுக்கு

வாங்குபவரைவிட விற்பவருக்கு ஆபத்து நீளமானது. தேதி, பெயர் போடாத படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு புரோக்கர் வண்டியை எடுத்துப்போவார். அது இரண்டு மூன்று கை மாறும், ஆர்.சி.யில் உங்கள் பெயரே இருக்கும். அந்த நிலையில் விபத்து நடந்தால், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பிய பிறகே போடுங்கள். மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். முழுப் பணம் வரும் முன் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். வண்டியைக் கொடுக்கும்போது தேதி, மணி, மீட்டர் எண் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள்.

கன்சல்டிங் கடையில் விட்டுவிட்டுப் போவதானால், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி அவர்கள் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 29பி அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் படிவம் 29சி மூலம் ஒப்படையுங்கள். அதன் பிறகு வண்டிக்குப் பொறுப்பு அவர்களுடையது. அங்கீகாரம் இல்லாத கடையில் ஒரிஜினல் ஆர்.சி.யை விடாதீர்கள், நகல் போதும். மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய வண்டியில் வாடகை லோடு அடித்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

ஃபாஸ்டாக்கை அன்றே மூடுங்கள், இல்லாவிட்டால் டோல்கேட்டில் உங்கள் பணம் போய்க்கொண்டே இருக்கும். நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு உரியது, வண்டியோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்குச் சான்று கேட்டு வாங்கி, அடுத்த வண்டிக்குப் பயன்படுத்துங்கள். வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் தொடரும், வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம்.