மருந்தடிக்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களில் பூச்சிமருந்து அடிக்க ஆள் பிடிப்பவர்கள், டாங்கிக்கு எத்தனை மூடி ஊற்றுவது என்பதைச் சரியாகச் சொல்வார்கள். அடிக்கிற ஆளைப் பார்க்கத்தான் ஒருவரும் இருப்பதில்லை. அந்தப் பொறுப்பை முதல்முறை எடுப்பவருக்கு இது.

1. தொடங்க முன் மருந்தடிக்கிறவரோடு கொஞ்சம் கதையுங்கள். வழக்கமான பேச்சும் நடையும் தெரிந்திருந்தால்தான் பிறகு மாற்றம் பிடிபடும். வெறுவயிறு, இரவுக் குடி, காய்ச்சல், கையில் ஆறாத புண், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று வேறு வேலை கொடுங்கள்.

2. டாங்கியில் வெறும் தண்ணீர் விட்டு அழுத்தி, முதுகுப்பக்கம் கசிகிறதா என்று பாருங்கள். சட்டை நனைந்தால் நஞ்சு தோல்வழியே இறங்கும். முகத்தில் கட்டிய துணி நனைந்தால் நஞ்சை மூக்கடியிலேயே பிடித்து வைத்திருக்கும். அடைத்த நொசிலை வாயால் ஊத விடாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். சோளகக் காற்று எழும்ப முன், விடியவே அடித்து முடிப்பது நல்லது.

3. ஒவ்வொரு டாங்கி நிரப்பும்போதும் முகத்தைப் பாருங்கள். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், அளவுக்கு மிஞ்சிய வேர்வை என்றுதான் தொடங்கும். "வெயில்தான்" என்று அவரே சொல்வார், நீங்களும் நம்பிவிடுவீர்கள். வெயிலால் களைத்தவருக்குப் பெரும்பாலும் வாய் காயும், தாகம் எடுக்கும். ஓர்கனோபொஸ்பேட், கார்பமேட் என்ற வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் வாய்நீர் ஊறும், கண்ணீர் வடியும், கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கும், பார்வை மங்கும், தசை துடிக்கும். எல்லாம் ஒன்றாக வராது. எதுவென்று பிரிக்க முடியாவிட்டால் நஞ்சு என்றே எடுங்கள்.

4. உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுவந்து, உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பையும் தலையையும் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட வேண்டும். பால், தேசிக்காய் கொடுப்பதும் சத்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மருந்துப் போத்தலை லேபலோடு கூடவே அனுப்புங்கள். மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிப் போக விடாதீர்கள்.

5. அறிகுறி வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். பின்னேரமும் படுக்க முன்னும் போன் எடுத்துக் கேளுங்கள். வீட்டில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள்.

6. இன்னொரு மாற்றமும் உண்டு, அது உடம்பில் தெரியாது. கடன் நெருக்கும் காலத்தில் ஒருவர் வேலைக்கு வராமல் விடுவார், குடி கூடும், கலகலப்பானவர் ஒதுங்கி இருப்பார், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்பார். அதைப் பகிடியாக எடுக்க வேண்டாம். சாக யோசிக்கிறீர்களா என்று தனியாக, நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 1926 மனநல உதவி இலக்கம். எஞ்சிய மருந்தை அவர் வீட்டில் வைக்கக் கொடுக்காதீர்கள். பெட்டியில் பூட்டி, திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள்.