ஏசி ஃபில்டரை நீங்களே மாற்றலாம்

வேலூர் வெயிலில் ஏசி போட்டும் காரில் காற்று சரியாக வரவில்லையா? கேஸ் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஏசி ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் கீழே இறங்கும். பின்னால் இருக்கும் நீளமான மூடியைக் கழற்றி இழுத்தால் ஃபில்டர் கையோடு வரும்.

போன மே மாதம் காட்பாடியில் வீட்டு வாசலிலேயே கழற்றினேன். மடிப்பு மடிப்பாகப் புழுதி, நடுவில் காய்ந்த வேப்பிலை. மாற்றியதாக முந்தைய சர்வீஸ் பில்லில் காசு வாங்கியிருந்தார்கள். மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குகிறேன். நீங்களும் கேளுங்கள்.

புதியதைப் போடும்போது அதிலுள்ள அம்புக்குறியைக் கவனியுங்கள். பழையது இருந்த திசையிலேயே இருக்க வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். இன்ஜின் ஏர் ஃபில்டர், வைப்பர் ரப்பர் இரண்டையும் மாற்றுவதும் இதே அளவு சுலபம்தான்.

ஆனால் பிரேக், ஏர்பேக், ஏசி கேஸ் பக்கம் கை வைக்க வேண்டாம். வாரன்டி இருக்கும்வரை கையேட்டில் சொன்ன சர்வீஸையும் தவறவிடாதீர்கள். அப்புறம், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கொதிக்கக் கொதிக்க முகத்தில் அடிக்கும்.