சொல்லாமலே முதிர்ந்த செல்கள்: சைட்டோகைன் கல்ச்சரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் செல் வளர்ப்பவர்களுக்குச் சித்திரை வெயிலில் முதல் கவலை கூரியர் பெட்டிதான். ஐஸ் கரைந்திருக்குமோ? உலர்பொடியாக வரும் சைட்டோகைன், அதாவது செல்களுக்குச் சேதி சொல்லும் புரதம், ஓரிரு நாள் சூட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும். கெடுப்பது அதற்குப் பிறகு நாம்தான்.

இரத்தத்திலிருந்து பிரித்த மோனோசைட் என்ற வெள்ளணுக்களை ஜி.எம்-சி.எஸ்.எஃப், இன்டர்லூகின்-4 என்ற இரண்டு சைட்டோகைன்களோடும் வளர்த்தால் 5 முதல் 7 நாளில் முதிராத டென்ட்ரிடிக் செல்கள் (கிருமியை மற்ற நோய் எதிர்ப்பு செல்களுக்குக் காட்டிக்கொடுப்பவை) கிடைக்கும். அப்புறம் டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற இன்னொரு சைட்டோகைன் சேர்ந்த கலவையில் ஓரிரு நாள் வைத்தால் முதிரும். அவசரத்தில் ஜி.எம்-சி.எஸ்.எஃப் குப்பிக்குப் பதில் எம்-சி.எஸ்.எஃப்பை எடுத்தால் வளர்வது மேக்ரோஃபேஜ், கிருமியை விழுங்கும் வேறு வகை செல். சுண்டெலியின் ஜி.எம்-சி.எஸ்.எஃப்பை மனித செல் கண்டுகொள்ளவே செய்யாது.

ஆனால் செல் முதிராமல் போவதைவிட, சொல்லாமலே முதிர்வதுதான் பெரிய தலைவலி. ஒருமுறை எதுவுமே சேர்க்காத கன்ட்ரோல் செல்களிலும் முதிர்ச்சியைக் காட்டும் சி.டி.83 புரதம் ஏறி நின்றது. ஒரு மாதம் அதைக் கண்டறியும் ஆன்டிபாடியைச் சந்தேகித்தேன். குற்றவாளி நானே கரைத்த பஃபர் என்ற உப்புக்கரைசல். தண்ணீரில் எண்டோடாக்சின், அதாவது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் மேலுறைப் பொருள், இருந்திருக்கிறது; கிருமி வந்துவிட்டதென்று எண்ணிச் செல்கள் முதிர்ந்துவிட்டன. ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியில் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் அசையாது. 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நழுவிவிடும். கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். பஃபருக்கு எண்டோடாக்சின் இல்லாத தண்ணீரைக் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்த்து நான் இழந்தது ஒரு மாதம்.

குப்பியைத் திறக்குமுன் ஒரு சுற்று சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். கண்ணுக்கே தெரியாத பொடி மூடியில் ஒட்டியிருக்கும். கரைத்ததும் சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போட்டால் எந்த ஆச்சி விடுவார்? ஒரே குப்பியை உருக்கி உருக்கி உறையவைப்பதும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் வீரியம் குறையும். மிக நீர்த்த கரைசலில் 0.1 சதவீதம் ஆல்புமின் புரதம் சேருங்கள், இல்லாவிட்டால் சைட்டோகைன் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் மீடியத்தை, அதாவது செல்கள் வளரும் ஊட்டக்கரைசலை, மாற்றும்போது புதிதாக வரும் மாணவர்கள், மிதப்பதெல்லாம் செத்த செல் என்று உறிஞ்சிக் கொட்டிவிடுவார்கள். டென்ட்ரிடிக் செல்கள் தட்டை லேசாகத்தான் பிடித்திருக்கும், பாதி மிதக்கும். பாதி மீடியத்தை மட்டும் எடுங்கள். எடுத்ததையும் உடனே கொட்டாமல், சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அடியில் படியும் செல்களைத் தட்டுக்கே திருப்பிவிடுங்கள்.