கலிஃபோர்னியாவில் ஓட்டுப் போடப் போகும் நம் பிள்ளைகளுக்கு

தங்கச்சி மகள் சான் ஹோசேயில் இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து அவள் போட்ட முதல் ஓட்டு 2024 நவம்பரில். அதற்கு முந்திய மாதம் இலங்கையில் ஹட்டனில் இருக்கும் எனக்கு வீடியோ கோல் எடுத்து, மாநில அரசு வாக்காளர்களுக்கு அனுப்பும் தடித்த விளக்கப் புத்தகம் ஒன்றைக் காட்டினாள். "ஜனாதிபதிக்குப் போடுறது லேசு பெரியம்மா. இந்தப் பத்துக்கும் எப்படிப் போடுறது?" மூன்று இரவு சேர்ந்து வாசித்தோம். அதே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

அந்தப் பத்தும் புரொபொசிஷன்கள். மாநிலம் முழுவதும் ஆம், இல்லை என்று வாக்களித்து முடிவுசெய்யும் சட்டங்கள். 1911இலிருந்து கலிஃபோர்னியாவில் மக்களே இப்படிச் சட்டம் கொண்டுவரலாம். கடைசி ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 5 சதவீத அளவுக்குக் கையெழுத்துச் சேர்க்க வேண்டும். அரசியலமைப்பைத் திருத்த 8 சதவீதம். சிலவற்றைச் சட்டசபையே அனுப்பும். கடைவாசலில் யாராவது கையெழுத்துக் கேட்டால் தாளின் மேலே இருக்கும் சுருக்கத்தை வாசித்துவிட்டுப் போடுங்கள். சேர்ப்பவர்களில் பலருக்குக் கையெழுத்துக்கு இவ்வளவு என்று காசு.

சரி, புத்தகத்துக்கு வருவோம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இதைத் திறக்காதீர்கள். முதலில், "ஆம்" என்றால் என்ன நடக்கும், "இல்லை" என்றால் என்ன நடக்கும் என்று இரண்டே பத்தியில் போட்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஒரு கொப்பியில் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஆம், அந்தப் பக்கம் இல்லை என்று தமிழில் எழுதுங்கள். நம்முடைய பாஷையில் எழுத வரவில்லையென்றால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம்.

இதில்தான் அதிகம் பேர் தவறுவார்கள். 2022இல் 31ஆம் எண் புரொபொசிஷன். வாசனை சேர்த்த புகையிலைப் பொருட்களின் விற்பனையைச் சட்டசபை தடைசெய்திருந்தது. எதிர்த்தவர்கள் கையெழுத்துச் சேர்த்து அதை மக்களிடம் கொண்டுவந்தார்கள். அப்படியானால் "ஆம்" என்பது அவர்கள் பக்கம் என்றுதானே நினைப்போம்? இல்லை. "ஆம்" என்றால் தடை இருக்கட்டும் என்று பொருள். கையெழுத்துச் சேர்த்தவர்களுக்கு வேண்டியிருந்தது "இல்லை". கடைசியில் ஆம்தான் வென்றது.

எனக்கு 1982 டிசம்பர் நினைவு வந்தது. இலங்கையில் இதுவரை நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பு. பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீடிக்கவா என்பது கேள்வி. விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் பிள்ளைகள் நாங்கள் விளக்கு, குடம் என்று கத்தி விளையாடினோம். கேள்வி என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவுக்கு ஓட்டே இல்லை. நாடற்றவர்களாக இருந்த தோட்ட மக்களுக்குக் குடியுரிமை தந்த 1988 சட்டத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஓட்டு வந்தது. அதனால்தான் பிள்ளைகளே, கேள்வியை வாசியுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்து, சட்டசபையின் ஆய்வாளர் எழுதிய பகுதி. இப்போது என்ன சட்டம், மாறினால் அரசுக்கு எவ்வளவு செலவு என்று பக்கம் சாராமல் இருக்கும். நேரமில்லாவிட்டால் இதையாவது முழுதாக வாசியுங்கள். ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் கடைசிக்குப் போதும். அவற்றின் உண்மையை எந்த அரசு நிறுவனமும் சரிபார்க்கவில்லை என்று அந்தப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பணம் போட்டவர்கள் யார் என்பதையும் பாருங்கள். 2020இல் 22ஆம் எண்ணுக்கு, செயலி வழி வாடகைக்கார் ஓட்டுநர்களின் விஷயத்தில், ஆதரவுப் பக்கம் மட்டும் 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்தது.

2024இன் 32ஆம் எண்ணில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டொலராக்கவா என்று வாக்காளரிடமே கேட்டிருந்தார்கள். இங்கே தேயிலைத் தோட்டங்களில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்! 2021இல் அது வந்தபோதும், கொழுந்து பறிக்கிறவளிடம் சீட்டுக் கொடுத்து யாரும் கேட்கவில்லை. 32 சிறிய வித்தியாசத்தில் தோற்றது. தோற்றாலும் கேட்டார்கள்.

விளங்காத கேள்வியை வெறுமையாக விடலாம், மற்ற வாக்குகள் செல்லும். ஆனால் அவசரத்தில் ஆம் போடாதீர்கள். மக்கள் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டத்தை, அதிலேயே இடம் வைத்திருந்தால் தவிர, சட்டசபை தானாக மாற்ற முடியாது. சொத்துவரி பற்றிய 13ஆம் எண் 1978இல் வந்தது, இன்றும் நிற்கிறது.

அப்புறம் உறை. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். நம் ஊர்ப் புள்ளடி (X) அங்கே இல்லை, தாளில் காட்டியபடி நிரப்ப வேண்டும். உறைக்கு வெளியே உங்கள் கையெழுத்து கட்டாயம். பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள், அதனால் சுருக்கிக் கிறுக்காதீர்கள். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழ வேண்டும்.

மூன்றாம் இரவு அவள் பேனாவை எடுத்தாள். கெமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பு என்றேன். "உங்களுக்குக் காட்டினா என்ன பெரியம்மா?" எனக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.